பதினைந்தாம் விதி

பராமரிப்பு நேரம் இரண்டு மணிக்குத் தொடங்கும்.
பாயான் லெப்பாஸில் மழை என்றார்கள்.
நான்கு மாடிக்கு மேலே எங்கோ பெய்கிற,
எனக்குக் கேட்காத மழை.
குளிரறையில் மின்விசிறிகள் மட்டும்.
இரண்டு பொத்தான் போன ஸ்வெட்டரோடு
தரையில் சம்மணமிட்டு
நீலக் கம்பியை ஸ்விட்சின் நெற்றியில் செருகுகிறேன்.

தீவிலிருக்கும் எந்தெந்த முகவரிகளை
அக்கரைக்குச் சொல்லலாம் என்று
இதற்குள் ஒரு பட்டியல்.
பத்து. பதினைந்து. இருபது. முப்பது.
மேலிருந்து கீழே வாசிக்கும்,
பொருந்திய இடத்தில் நின்றுவிடும்.
அம்மா பையில் வைத்திருக்கும் ஜாதகத்துக்குப்
பத்துப் பொருத்தம் வேண்டும்,
ஏழு இருந்தால் தேநீர் வரை போகலாம்.
இதற்கு ஒன்று போதும். முதல் ஒன்று.
அப்புறம் வருவதைத் திரும்பியும் பார்க்காது.

பத்து: இயந்திரங்கள். அனுமதி.
இருபது: விருந்தினர் வைஃபை. மறுப்பு.
முப்பது: அலுவலகம். அனுமதி.
பதினைந்தில் நிபந்தனையே இல்லை.
அனுமதி என்று ஒரு சொல், அதன் கீழே வெற்றிடம்,
பக்கத்தில் ஒரு குறிப்பு: தற்காலிகம்.

நிபந்தனை இல்லாத விதி எதற்கும் பொருந்தும்.
பத்தில் நிற்காத எல்லாமே
பதினைந்தில் நுழைந்து போயிருக்கின்றன
மூன்று ஆண்டாக.
இருபதிடமும் முப்பதிடமும்
ஒருவரும் வந்து எதுவும் கேட்டதில்லை.
காவலுக்கு நிறுத்திவிட்டு
வேறு வாசலைத் திறந்து வைத்த மாதிரி.
எழுதியவர் பெயர் பதிவில் இருந்தது: பரஞ்சோதி.
இப்போது சிங்கப்பூரில்.
இந்த நேரத்துக்கு எழுப்ப மனம் வரவில்லை.

ஃபோனின் மறுமுனையில், பிறையில், ஹைருல்:
"ஓகே தக், மேகவர்ணா?"
"ஓகே" என்றேன்.
2:41. ஒரு வரி. பதினைந்து போயிற்று.
இருபது தன் வாழ்க்கையில் முதல்முறையாக
ஒன்றை மறுத்தது.
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.
ஆறிப்போன மைலோவைக் குடித்தேன்.

3:10க்கு ஹைருலின் குரல் மாறியிருந்தது.
கிடங்கின் கேட் அட்டைகளை ஏற்கவில்லை.
விடுதியிலிருந்து பேருந்து வந்துவிட்டது,
நாற்பத்திரண்டு பேர், எல்லாரும் நேபாளம்,
பேருந்து இறக்கிவிட்டுப் போய்விட்டது.
அவன் பேசப் பேச
ஃபோன் வழியாக எனக்கு மழை கேட்டது.

அட்டைகளைச் சரிபார்க்கும் சர்வர் இந்தக் கரையில்.
10.44.7.0.
பத்தில் தேடினேன், இல்லை. இருபதில் இல்லை.
முப்பதில் இல்லை.
முப்பதுக்குக் கீழே இன்னொரு வரி உண்டு.
யாரும் எழுதாதது, திரையிலும் காட்டாதது:
பொருந்தாதது எல்லாம் மறுப்பு.
தேர்வில் நான்கு மதிப்பெண் வாங்கித் தந்த வரி,
எனக்குத் தெரியாதது அல்ல.
பள்ளிப் படிவத்தில்
மலாய், சீனர், இந்தியர் என்று முடிந்த பின்
லாயின்-லாயின் என்று ஒரு பெட்டி இருக்கும்.
அதையாவது அச்சடித்திருந்தார்கள்.

பதினைந்தைத் திரும்பப் போட்டேன்.
நான்கு நொடி என்கிறது பதிவு.
எனக்கு அப்படி இல்லை.
கேட் கிறீச்சிடும் சத்தம்,
ஈரச் செருப்புகள்,
யாரோ எதற்கோ சிரித்தது.
ஹைருல் ஒன்றும் சொல்லாமல் ஃபோனை வைத்தான்.

பரஞ்சோதிக்கும்
இப்படி ஒரு கேட் இருந்திருக்கும்.

நாலு மணிக்குள் நாற்பது என்று புதிதாக ஒன்று எழுதினேன்,
அட்டை சர்வர், பிறை கேட், அனுமதி என்று
குறிப்போடு.
பதினைந்தை நீக்க இன்னும் நேரம் இருந்தது.
ஆறு நிமிடம்.
பொருந்தாமல் போகக்கூடிய வேறு எவை
இந்தத் தீவில் இருக்கின்றன என்று
எனக்குத் தெரியவில்லை.

குறிப்பை மட்டும் அழித்தேன்.
வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.
தற்காலிகம் என்றே மறுபடி அடித்து
என் பெயரையும் தேதியையும் சேர்த்தேன்.